மூலத் தரவைக் காணும் உரிமையும் வெளியிடும் உரிமையும்

ஒருவர் தம் இரத்தத்தையோ உமிழ்நீரையோ மரபணுப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ஆய்வுக்கூடத்தில் உண்மையில் இரண்டு பொருள்கள் தோன்றுகின்றன: ஒன்று, டி.என்.ஏ.யின் வரிசையை இயந்திரம் கண்டபடியே பதிந்து வைத்த மூலத் தரவு. மற்றொன்று, அத்தரவிலிருந்து முக்கியமானவை என்று வல்லுநர் தேர்ந்தவற்றுக்குப் பொருள் கூறிச் சில பக்கங்களில் எழுதித் தரும் அறிக்கை. அறிக்கை பரிசோதனை செய்துகொண்டவருக்கு உரியது என்பதில் விவாதமில்லை. மூலத் தரவைக் கேட்டுப் பெறும் உரிமையும் அவருக்கு நிபந்தனையின்றி உண்டு என்றும், அதை உலகறிய வெளியிடும் உரிமையோ முற்றிலும் வேறு நியாயங்களுக்கு உட்பட்டது என்றும், இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதனாலேயே வல்லுநரல்லாத மக்களும் ஆராய்ச்சியில் பங்குகொள்ளும் குடிமக்கள் விஞ்ஞானத்தை ஆதரிப்போரும் அஞ்சுவோரும் ஒருங்கே தடுமாறினர் என்றும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பி.ஆர்.சி.ஏ.1 என்னும் மரபணு பழுதுறின் பெண்களுக்கு மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மிகுகிறது. அது பதினேழாம் குரோமோசோமில் இருப்பதை மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1990இல் காட்டினார். 1994இல் அதைப் பிரித்தறிந்த குழுவினரோடு தொடர்புடைய யூட்டா மாநிலத்து மிரியட் ஜெனெடிக்ஸ் நிறுவனம் காப்புரிமை பெற்று, பரிசோதனையைப் பல ஆண்டுகள் அமெரிக்காவில் தன் ஏகபோகமாக நடத்திவந்தது. இயற்கையில் உள்ள டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்ததனால் மட்டும் அதற்குக் காப்புரிமை கோர இயலாது என்று 2013 ஜூன் 13 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது ஏகபோகம் ஒழிந்ததென்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் தான் கண்ட மாறுபாடுகளைப் பொதுக் களஞ்சியத்துக்கு வழங்குவதை அந்நிறுவனம் 2004லேயே நிறுத்திவிட்டிருந்தமையால், எந்த மாறுபாடு நோய் தருவது, எது தராதது என்னும் அனுபவ அறிவின் பெரும்பகுதி அதனிடமே தங்கியது. காப்புரிமை போயிற்று; தரவு போகவில்லை.

2016 மே மாதத்தில், அந்நிறுவனத்தில் பரிசோதனை செய்துகொண்ட நால்வர் அதன்மீது அமெரிக்க மத்திய அரசின் சுகாதாரத் துறையிடம் முறையிட்டனர். தம் மரபணுக்களில் கண்ட மாறுபாடுகள் அனைத்தையும், தீங்கற்றவை என ஒதுக்கப்பட்டவை உட்பட, அவர்கள் கேட்டிருந்தனர். அறிக்கையில் இடம்பெற்றவை போதும் என்பது நிறுவனத்தின் நிலை. முறையீடு பதிவாகும் தறுவாயில் நிறுவனம் தரவைக் கொடுத்துவிட்டது. ஆயினும் தானாக மனமுவந்து கொடுத்ததாகச் சொன்னதேயன்றிச் சட்டக் கடமை என்று ஒப்பவில்லை. தீங்கற்ற மாறுபாட்டை அறிந்து நோயாளி என்ன செய்யப் போகிறார் என்னும் வினா மேலோட்டத்தில் நியாயமாகவே தோன்றும். ஆனால் 'தீங்கற்றது' என்பது டி.என்.ஏ.யில் பொறித்த குணமன்று. இன்று கிடைக்கும் ஆதாரங்களைக் கொண்டு வல்லுநர் கொள்ளும் அபிப்பிராயம். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் தாம் ஏற்ற பாடத்தை மட்டும் அச்சிட்டுப் பாடபேதங்களையும் மூல ஏட்டையும் பிறர் காணாமல் பூட்டிவைப்பாரானால், அவர் எத்துணைப் புலமை உடையவராயினும், பிற்காலத்தில் வேறு பிரதி கிடைக்கும்போது அவருடைய பாடத்தைச் சோதிக்க எவருக்கும் வழியிராது. மரபணு அறிக்கையும் ஒரு தேதியிட்ட பதிப்பே. மூலத்தை மறுப்பது அம்மனிதரை அந்தத் தேதியின் அறிவிலேயே நிறுத்திவைப்பதாகும்.

இவ்வறிவு எவ்வளவு மாறக்கூடியது என்பதற்குப் பிரியான் நோய்களின் ஆராய்ச்சியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சட்டம் பயின்ற சோனியா வல்லப், பிரியான் நோய்களுள் ஒன்றாகிய, பரம்பரையாக வந்து உறக்கத்தைக் கெடுக்கும் கொடிய மூளைநோய்க்குத் தம் தாயை 2010இல் இழந்தார். மறு ஆண்டில் செய்துகொண்ட பரிசோதனையில், பி.ஆர்.என்.பி. என்னும் மரபணுவிலுள்ள அதே மாற்றம் தம்மிடமும் இருப்பதை அறிந்தார். அவரும் கணவர் எரிக் மினிக்கெலும் தத்தம் தொழில்களைத் துறந்து, உயிரியலைப் புதிதாகக் கற்று, பிராட் ஆய்வகத்தில் இந்நோய்க்கு மருந்து தேடும் விஞ்ஞானிகளாயினர். மினிக்கெலும் வல்லபும் பிறரோடு 2016இல் வெளியிட்ட ஆய்வு, 60,706 பேருடைய எக்ஸோம் (டி.என்.ஏ.யில் புரதங்களுக்குக் குறிப்பு தரும் பகுதி) தரவோடு, 23அண்ட்மீ நிறுவனத்தில் பரிசோதனை செய்துகொண்ட 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவையும் ஒப்புநோக்கியது. உயிர்க்கொல்லி என்று நூல்களில் எழுதப்பட்டிருந்த மாற்றங்கள் சில, அந்நோயின் அருமைக்குச் சிறிதும் பொருந்தாத அளவில் பொதுமக்களிடம் பரவியிருப்பது அப்போது வெளிப்பட்டது. மரணம் நிச்சயம் என்று சொல்லப்பட்ட குடும்பங்களுள் சிலவற்றுக்கு அந்த முடிவே தவறாயிற்று. வல்லபின் மாற்றமோ அவ்வாறு விலகவில்லை; அதன் கொடுமை உறுதியாகவே நின்றது. தமக்குக் கிட்டாத விடுதலையைப் பிறருக்குக் கொணர்ந்த இவ்வாராய்ச்சியை நினைக்குந்தோறும், பரிசோதனைக்கு உட்பட்டவர் விஞ்ஞானத்தின் பொருளாக மட்டும் இருந்தாக வேண்டும் என்னும் பழைய கொள்கை எனக்கு ஏற்கத்தக்கதாகப் படவில்லை.

மூலத் தரவு பாமரரை வழிதவறச் செய்யும் என்பது மருத்துவர்களின் ஆட்சேபம். அதற்கு ஆதாரமும் உண்டு. நேரடியாக விற்கப்படும் பரிசோதனைகளின் மூலத் தரவைக் கொண்டுவந்த 49 பேரின் மாதிரிகளை மருத்துவ ஆய்வுக்கூடமொன்று மறுசோதனை செய்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, அத்தரவில் கண்ட மாறுபாடுகளில் 40 விழுக்காடு உண்மையில் இல்லாதவை. இத்தகைய தரவை நம்பி எவரும் அறுவைச் சிகிச்சைக்கு உடன்படலாகாது என்பதை நான் முழுமனத்துடன் ஒப்புகிறேன். எனினும் அப்பிழை வெளிப்பட்டதே, தரவு உரியவர் கைக்கு வந்து, அவர் அதை மருத்துவரிடம் கொண்டு சென்றதனால் அல்லவா? உறுதிச் சோதனையின் அவசியத்தை இவ்வாதம் நிலைநாட்டுகிறது. மறைத்து வைப்பதை நிலைநாட்டவில்லை.

வெளியிடுதல் என்று வரும்போது நியாயம் மாறுகிறது. பெற்றோரிடமும் உடன்பிறந்தாரிடமும் நம் மரபணுக்களில் ஏறத்தாழப் பாதி இருக்கின்றன. தூரத்து உறவினரிடமும் கண்டுகொள்ளத்தக்க பகுதிகள் உள்ளன. கலிபோர்னியாவில் நெடுங்காலம் பிடிபடாதிருந்த கொலைகாரன் ஒருவன் 2018இல் கைதானான்; அவன் தன் தரவை எங்கும் கொடுத்தவன் அல்லன், தூரத்து உறவினர் சிலர் ஜெட்மேட்ச் என்னும் பொதுத் தொகுப்பில் இட்டவையும் அவனைக் காட்டிக்கொடுக்க உதவின. குற்றவாளி அகப்பட்டதில் வருந்துவார் இல்லை. ஆயின் அதே வழியால் குற்றமற்றவரும் இனங்காணப்படுவர் என்பதை மறத்தற்கில்லை: ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கருள் 60 விழுக்காட்டினருக்கு அத்தகைய தொகுப்பொன்றில் மூன்றாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவினரோ அதனினும் நெருங்கியவரோ கிடைப்பர் என்று மரபணு ஆய்வாளர் யானிவ் எர்லிக் குழுவினர் அவ்வாண்டே கணித்தனர். மக்கள் தம் மரபணுத் தரவைத் தாமே பொதுவில் வைப்பதற்கென 2011இல் தோன்றிய ஓப்பன்ஸ்னிப் தொகுப்பை, அதை நிறுவியவர்களுள் ஒருவரே, ஆபத்து பயனை விஞ்சிவிட்டதென்று கருதி 2025இல் மூடித் தரவையும் அழித்தார். திறந்த விஞ்ஞானத்தில் பெரும்பற்றுக் கொண்டவர் இம்முடிவுக்கு வந்தமை ஆழ்ந்து எண்ணத்தக்கது.

ஆதலின் தரவைப் பெறுவது தனிமனித உரிமையாகவும், வெளியிடுவது குடும்பத்தாரையும் கலந்து செய்யும் காரியமாகவும் சட்டத்தில் பிரித்தெழுதப்பட வேண்டும். அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டு மரபணுப் பாரபட்சத் தடைச்சட்டம் மருத்துவக் காப்புறுதியிலும் வேலைவாய்ப்பிலும் பாதுகாப்பு அளிக்கிறது. ஆயுள் காப்புறுதிக்கு அது பொருந்துவதில்லை. தம் தரவைப் பொதுவில் வைக்கும் ஒருவர் தம் தங்கையின் ஆயுள் காப்புறுதிக்கும் கேடு சூழக்கூடும் என்ற நிலை இருக்கும்வரை, குடிமக்கள் விஞ்ஞானத்துக்கு உகந்த களம், உரியவர் வேண்டும்போது திரும்பப் பெறத்தக்கதும், ஆராய்ச்சிக்கு மட்டும் திறப்பதுமான காவலுள்ள களஞ்சியமே ஆகும்.