இல்லாக் கோளின் இருப்பிடம்: இராகுவும் குன்றத்தூர்த் திருநாகேச்சரமும்

வானத்தில் உடல் இல்லாத ஒரு கோளுக்கு மண்ணில் ஊர் உண்டு, கோயில் உண்டு, வழிபடுவோர் கூட்டமும் உண்டு. பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரில் உள்ள திருநாகேச்சரம் இந்நாளில் இராகுவுக்குரிய தலமாகப் போற்றப்பெறுகின்றது. அக்கோயிலை எடுப்பித்தவர் பெரியபுராணம் அருளிய சேக்கிழார் என்பது தமிழுலகம் அறிந்த செய்தி. இவ்விரண்டையும் பிணைத்து நோக்குவார்க்குச் சேக்கிழார் இராகுவின்பொருட்டே இக்கோயிலை அமைத்தார் என்னும் எண்ணம் எளிதில் எழும். அவ்வெண்ணம் வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். அதற்கு, இராகு தமிழில் எவ்வெவ் வடிவங்களில் வழங்கி வந்தது என்பதை முதற்கண் காணல் வேண்டும்.

பழந்தமிழ்ப் பாடல்களில் திங்களைப் பற்றுவது பாம்பு. குறுந்தொகையின் 395-ஆம் பாடலில், பாம்பு விழுங்கும் திங்களை மண்ணுலகத்தார் மீட்க இயலாமை தலைவியின் துயர்க்கு உவமையாகின்றது. திருக்குறளின் 1146-ஆம் பாவில், காதலர் கண்டது ஒருநாளே ஆயினும் ஊரெங்கும் பரவிய அலருக்குப் பாம்பு திங்களைக் கொண்ட செய்தி உவமையாகின்றது. ஒன்று மாந்தரின் கையறு நிலையை உணர்த்துவது. மற்றொன்று ஊரார் அனைவரும் காணும் காட்சியின் பரப்பை உணர்த்துவது. இவ்விரண்டிடத்தும் இராகு என்னும் பெயர் இல்லை, கோள் என்னும் கருத்தும் இல்லை, வழிபாடும் இல்லை. கண்ட காட்சிக்கு மக்கள் இட்ட பெயராகவே பாம்பு நிற்கின்றது.

வடமொழி மரபு வேறொரு வழியில் வளர்ந்தது. இருக்கு வேதத்தின் ஐந்தாம் மண்டிலத்தில் ஞாயிற்றை இருளால் மறைப்பவன் சுவர்பானு என்னும் அசுரன்; மறைந்த ஞாயிற்றை மீட்பவர் அத்திரி முனிவர். பின்னெழுந்த புராணங்களில், திருட்டுத்தனமாக அமுதுண்ட அசுரனை ஞாயிறும் திங்களும் காட்டிக் கொடுக்கத் திருமாலின் ஆழி அவன் தலையைத் துணிக்கின்றது. தலை இராகுவாகவும் உடல் கேதுவாகவும் நின்று பழைய பகையைத் தீர்த்துக் கொள்கின்றன. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் கோளறு பதிகம் கோள்களை ஒன்பதாக எண்ணுங்கால், இறுதி இரண்டனையும் பாம்புகள் என்றே குறிக்கின்றது. தமிழ்ப் பாம்பும் வடமொழிக் கோள் எண்ணிக்கையும் ஓரிடத்தில் கைகோத்து நிற்கும் நிலையை நாம் அங்குக் காண்கிறோம்.

மூன்றாவது இராகு கணிதருடையது. ஞாயிறு செல்வதாகத் தோன்றும் வழியும் திங்கள் செல்லும் வழியும் ஏறத்தாழ 5 பாகைச் சாய்வில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. திங்கள் வடபால் ஏறும் புள்ளி இராகு. தென்பால் இறங்கும் புள்ளி கேது. இக்கோளுக்கு நிலப்படம் வரையப் புகுவோமாயின் மலையும் கடலும் அதில் இடம்பெறா. இரு வழிகள் கூடும் சந்தி ஒன்றே அதன் முழுப் பரப்பாகும். அச்சந்தியும் ஓரிடத்தில் நில்லாது பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டுகளில் வானை ஒருமுறை சுற்றி வருகின்றது. இராகு ஓர் இராசியில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்குவதும், எஞ்சிய கோள்களுக்கு மாறாகப் பின்செல்வதும், கேது எப்பொழுதும் அதற்கு நேரெதிரே நிற்பதும் இதனாலேயே ஆகும். பூரணையோ அமாவாசையோ இப்புள்ளிகளின் அருகே நேரும்பொழுதுதான் மறைப்பு உண்டாகும்.

இதனை முன்னோர் அறிந்திருந்தனர். ஆரியபட்டர் கி.பி. 499-இல், ஞாயிற்றைத் திங்களும் திங்களை நிலவுலகின் நிழலும் மறைக்கின்றன என்று தெளிவாக எழுதினார். அக்கருத்து உடனே எங்கும் ஒப்புக்கொள்ளப்படவில்லை, கி.பி. 628-இல் நூல் செய்த பிரமகுப்தர், மறைநூலும் மிருதியும் கூறும் இராகுவை விலக்குதல் தகாது என்று வாதிட்டார். எனினும் கணக்கு நின்றுவிடவில்லை. 1825-இல் வெளிவந்த ‘கால சங்கலித’ என்னும் நூலில் சான் வாரன், புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் நிலத்தில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாகக் கொண்ட வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே திங்கள் இறுதியில் நேரவிருந்த திங்கள் மறைப்பைக் கணித்த முறையை விளக்கியுள்ளார். 1952-இல் அக்கணக்கை ஆராய்ந்த ஆட்டோ நியூகெபாயர், மறைப்பின் தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை காட்டினார். ஏடும் எழுத்தும் இன்றிச் சோழி கொண்டு கணித்தவர்க்கு இப்பிழை இழுக்கன்று.

மேலைநாட்டாரும் ஓர் இல்லாக் கோளைப் படைத்துக் கொண்டனர். புதனின் இயக்கத்தில் நூற்றாண்டுக்கு 43 விகலை அளவான வேறுபாட்டுக்குக் காரணம் காணாது, 1859-இல் பிரெஞ்சு வானியலார் இலெவெரியே ஞாயிற்றுக்கு அணித்தே காணாப் பொருள் உண்டு என்று கருதினார். அதற்கு உரோமர் தீக்கடவுளின் பெயரால் ‘வல்கன்’ என்று பெயரும் இட்டனர். ஞாயிறு மறைந்த பொழுதுகளில் தேடியும் பார்த்தனர். 1915-இல் ஐன்சுடைனின் கொள்கை அவ்வேறுபாட்டை விளக்கவே, வல்கன் மறைந்தது. உடல் உண்டு என்ற நம்பிக்கையின்மேல் எழுந்தமையால் அது வீழ்ந்தது. கணிதரின் இராகுவோ உடல் வேண்டாப் புள்ளியாதலின் இன்றும் கணக்கில் நிலைபெறுகின்றது.

இனிக் குன்றத்தூருக்கு வருவோம். சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கனின் (1133–1150) அமைச்சராய் விளங்கியவர். சேக்கிழார் புராணம், அவர் சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்பால் நீங்காப் பற்றுக் கொண்டிருந்ததனையும், அப்பற்றினால் தம் ஊரிலும் அப்பெயராலேயே கோயில் எடுத்ததனையும் கூறுகின்றது. ஆண்டுக் காட்டப்பெறும் காரணம் இறையன்பே, கோள்வழிபாடன்று. சோழநாட்டுத் திருநாகேச்சரமும் மூவர் பாடல் பெற்ற தலம். நாகங்கள் சிவனைப் பூசித்தமையால் அப்பெயர் பெற்றது என்பது தலவரலாறு.

பின் இராகு இங்குப் புகுந்தது எவ்வாறு? பூந்தமல்லி வட்டாரத்தில் கோள்கள் ஒன்பதிற்கும் உரியனவாக ஒன்பது சிவன் கோயில்கள் இன்று எண்ணப்படுகின்றன. கொளப்பாக்கம் ஞாயிற்றுக்கும், சோமங்கலம் திங்களுக்கும், பூந்தமல்லி செவ்வாய்க்கும், கோவூர் புதனுக்கும், போரூர் வியாழனுக்கும், மாங்காடு வெள்ளிக்கும், பொழிச்சலூர் சனிக்கும், குன்றத்தூர் இராகுவுக்கும், கெருகம்பாக்கம் கேதுவுக்கும் உரியன என்பர். இவற்றுட் சிலவற்றில் இறைவன் பெயரே கோளுக்கு வழிகாட்டுகின்றது. சோமநாதர் திங்களையும், வெள்ளீசுவரர் வெள்ளியையும் நினைவூட்டுகின்றனர். பூந்தமல்லி வைத்தீசுவரர், செவ்வாய்த் தலமாகிய சோழநாட்டு வைத்தீசுவரன் கோயிலின் பெயரைத் தாங்கியவர். நாகேச்சரமும் இவ்வாறே நாகத்தின் வழியாக இராகுவைச் சேர்ந்தது எனக் கொள்வதே பொருத்தம். ஒன்பதும் இவ்விதிக்கு அடங்கா. அகத்தீசுவரர் என்னும் ஒரே பெயருடைய இரு கோயில்கள் கொளப்பாக்கத்தில் ஞாயிற்றையும் பொழிச்சலூரில் சனியையும் பெற்றிருத்தல் காண்க. எனினும் குன்றத்தூரைப் பொறுத்தவரை பெயர் முந்தியது, கோள் பிந்தியது என்பதே நம் துணிபு.

இன்றைய வழிபாடு நேற்றைய நோக்கத்திற்குச் சான்றாகாது. அதனால் இன்றைய வழிபாடு பொய்யாகிவிடுவதும் இல்லை. மக்கள் தம் அச்சத்தை இறக்கி வைக்க ஓரிடம் தேடிய வரலாறு அது. புலவரின் பாம்பு, புராணத்தின் அசுரன், கணிதரின் புள்ளி ஆகிய மூன்றனையும் ஒன்றாகக் குழப்பி, முன்னோர் யாவும் அறிந்தனர் என்று புகழ்தலும் ஏதும் அறியார் என்று இகழ்தலும் ஒருங்கே விலக்கத்தக்கன. அவ்வவற்றை அவ்வக் காலத்தில் வைத்துக் காண்போமாயின், குன்றத்தூர்க் கோயிலில் சேக்கிழாரின் அன்பு அவருக்கே உரியதாய் விளங்கும்.