ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்ட கதை

படிக்கிற காலத்தில் நானும் ஒரு ஆராய்ச்சி இதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். ஏழு மாசம் கழிச்சு பதில் வந்தது. என் கட்டுரை அஞ்சு பக்கம், முகம் தெரியாத மதிப்பீட்டாளர் சொன்ன குறைகள் நாலு பக்கம்! யாருய்யா இந்த ஆளுன்னு ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. அப்போ எங்க புரொபசர் ஆறுதலுக்குச் சொன்ன கதை இது. அப்புறம் தேடிப் படிச்சா, அவர் சொன்னதைவிட நல்லா இருந்தது.

1936. பிரின்ஸ்டனில் இருந்த ஐன்ஸ்டைன், நேதன் ரோசனோடு சேர்ந்து 'பிசிகல் ரிவ்யூ' இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்புகிறார். ஈர்ப்பலைகள் உண்டு என்று 1916-ல் சொன்னவரே இப்போது கிடையாது என்கிறார்!

ஆசிரியர் ஜான் டேட்டுக்குச் சந்தேகம். இன்னொரு நிபுணரிடம் கொடுத்தார். பத்துப் பக்கத்துக்குக் குறிப்பு வந்தது. உங்க பதில் என்னன்னு பணிவாகக் கேட்டு அதை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். வந்ததே கோபம்! அச்சடிக்கத்தான் அனுப்பினோம், அதுக்கு முன்னாடி அடுத்தவங்ககிட்ட காட்ட யார் உங்களுக்கு அனுமதி கொடுத்தது, கட்டுரையை வேற எங்கேயாவது போட்டுக்கறேன் என்கிற தொனியில் ஜூலை 27-ல் கடிதம் போட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. லண்டன் ராயல் சொசைட்டியில் 1830-களிலேயே வெளியாள் மதிப்பீடு உண்டு. ஆனால் அவர் பழகின ஜெர்மன் இதழ்களில் பிளாங்க் மாதிரி ஆசிரியர்களே படித்து முடிவு செய்வார்கள். 'நேச்சர்' இதழே 1973-ல்தான் இதைக் கட்டாயமாக்கியது.

கட்டுரை பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட் இதழுக்குப் போனது. இதுக்கு நடுவுல பிரின்ஸ்டன் பேராசிரியர் ராபர்ட்சன், ஐன்ஸ்டைனின் புது உதவியாளர் இன்பெல்டுடன் பேச்சோடு பேச்சாகத் தப்பைச் சுட்டிக்காட்டினார். கணக்கில் முடிவிலி வந்ததால் அலையே இல்லைன்னு முடிவு கட்டியிருந்தார்கள். கோளாறு அலையில் இல்லை, அளக்க எடுத்துக்கிட்ட ஆயத்தில்! (வட துருவத்தில் தீர்க்கக் கோடுகள் எல்லாம் ஒண்ணாச் சேருது, அதுக்காக அங்கே பூமி உடைஞ்சா இருக்கு?) இன்பெல்டு போய்ச் சொன்னால், ஐன்ஸ்டைன் தானும் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாராம் :-) கடைசி நேரத்தில் முடிவு மாறி, 1937-ல் உருளை வடிவ அலைகளுக்கான தீர்வோடு கட்டுரை வெளியானது.

அந்தத் தீர்வுக்கான வழி, அவர் ஒதுக்கித் தள்ளின பத்துப் பக்கத்திலேயே இருந்தது. அதை எழுதினவரும் இதே ராபர்ட்சன்தான்! நான்தான் அந்த ஆளுன்னு அவர் இன்பெல்டிடம் காட்டிக்கொள்ளவே இல்லை. இதழின் பழைய பதிவேட்டை வைத்து டேனியல் கென்னபிக் 2005-ல் எழுதிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

2015 செப்டம்பரில் லைகோ கருவிகளில் அந்த அலை சிக்கியது. 2016-ல் கட்டுரை வந்தது 'பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில், அதே குடும்பம்தான். மதிப்பீட்டாளர்கள் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போனது.

என் நாலு பக்கத்தில் ரெண்டாவது குறை சரின்னு எனக்கு உறைக்க ஒரு வருஷம் ஆச்சு. எழுதின ஆள் யாருன்னு இன்னிக்கு வரை தெரியாது.