கற்பனை ஊரில் கிணறு எங்கே?



மகள் வீட்டிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. "அமெரிக்கா எப்படி இருந்தது டீச்சர், ஏதாவது எழுதுங்கள்" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பனியையும் கடைகளையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு வரைபடத்தைப் பற்றி. நீளமான பதிவு, நேரம் கிடைக்கும்போது படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவனுக்கு ஒரு செய்தி இருக்கிறது.

மகள் இருப்பது மினசோட்டா மாநிலத்தில், மினியாபோலிஸ் நகரத்தில். பேரனுக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமைதோறும் அவன் நண்பர்கள் நான்கு பேர் வந்து சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். காகிதம், பென்சில், இருபது முகம் உள்ள பகடை, அவ்வளவுதான் சாமான். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் காவல்காரனிடம் பேச்சுக் கொடுக்கிறேன்" என்பார்கள். நினைத்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கதை சொல்பவன் என் பேரன். ஆகவே கதை நடக்கும் நகரத்தை வரையும் வேலையும் அவன் தலையில்.

"அம்மாச்சி, நீங்க ஹிஸ்டரி டீச்சர்தானே? என் சிட்டியைப் பார்த்துச் சொல்லுங்க" என்று ஒருநாள் சார்ட் பேப்பரை விரித்தான். மதில், நான்கு வாசல், நடுவில் அரண்மனை, படைவீடு, கோயில், கடைவீதி, மந்திரவாதியின் கோபுரம். நன்றாகத்தான் வரைந்திருந்தான். பாராட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இப்படி ஊர் வரையும் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேடிப் படித்தேன். அதன் வேர் பள்ளிப் பிள்ளைகளிடம் இல்லை, ராணுவத்தில் இருந்தது.

1812இல் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு தன் அரசருக்காக ஒரு போர் விளையாட்டு மேஜையைச் செய்து கொடுத்தார். குன்று, ஆறு, சாலை எல்லாம் அதில் இடம் மாற்றி வைக்கக்கூடிய துண்டுகள். பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த அவருடைய மகன், 1824இல் அதே விளையாட்டைக் காகித வரைபடத்துக்கு மாற்றினார். அளவு 1:8000. இரண்டு தரப்பும் தங்கள் உத்தரவுகளை எழுதித் தருவார்கள். நடுவர் ஒருவர் அவற்றை வாங்கிப் படித்து, எதிரியின் படையில் எவ்வளவு கண்ணுக்குத் தெரியுமோ அதை மட்டும் வரைபடத்தில் வைப்பார். இன்று மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து கதை சொல்லும் என் பேரன் அந்த நடுவரின் வாரிசு.

அந்த வரைபடங்களிலும் ஊர்கள் உண்டு. ஆனால் ஊர் என்றால் படை மறைந்து நிற்க ஓர் இடம், அவ்வளவே. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பது விளையாட்டுக்குத் தேவைப்படவில்லை.

மனிதர்கள் வரைபடத்துக்குள் வர நூறு வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அது நடந்தது என் மகள் குடியிருக்கும் அந்தப் பகுதியிலேயே என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம். மினியாபோலிஸும் செயின்ட் பாலும் இரட்டை நகரங்கள். 1969இல் அங்கே டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். பிரௌன்ஸ்டைன் என்பது அதில் வரும் கற்பனை ஊர். வந்த எல்லோருக்கும் படைத்தலைவர் வேலை தர முடியாததால், ஒருவரை மேயராக்கினார், ஒருவரை வங்கிக்காரராக்கினார், ஒருவரைப் பல்கலைக்கழகத் தலைவராக்கினார். சண்டை தொடங்குவதற்கு முன்பே ஆளுக்கொரு மூலையில் கூடிப் பேரம், சதி, ரகசியம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டம் கையை மீறிப் போய்விட்டது, தோல்வி என்று வெஸ்லி நினைத்தார். வந்தவர்களோ, அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர். 1971இல் பிளாக்மூர் என்ற கோட்டையையும் ஊரையும் உருவாக்கித் தன் வீட்டு நிலவறையில் நண்பர்களை ஆட வைத்தார். கோட்டைக்குக் கீழே சுரங்கங்கள், அவற்றில் பூதங்கள். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் அவரும் சேர்ந்து எழுதியதுதான் 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு 1,000 பிரதி. சுரங்கம் வரைவது எப்படி, காட்டில் பயணம் போவது எப்படி என்று விவரமாக இருந்தது. நகரத்தைப் பற்றி அதிகம் இல்லை.

அந்தக் குறையை மற்றவர்கள் தீர்த்தார்கள். 1975இல், உருது மொழிப் பேராசிரியரான எம்.ஏ.ஆர். பார்க்கரின் விளையாட்டு வெளிவந்தது. அந்தப் பெட்டிக்குள் ஜகல்லா என்ற துறைமுக நகரின் வரைபடம் இருந்தது. 1976இல் இல்லினாய் மாநிலம் டிகேட்டர் ஊரில் பாப் பிளெட்சா, பில் ஓவன் என்ற இருவர் ஜட்ஜஸ் கில்டு என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நடுவர்கள் சங்கம் என்று பொருள். பிரஷ்ய நடுவர் இங்கே பெயரிலேயே வந்துவிட்டார், பாருங்கள். அவர்களுடைய முதல் சரக்கு ஒரு நகர வரைபடம். நான்கு தாள்களையும் சேர்த்து வைத்தால் 34 அங்குலத்துக்கு 44 அங்குலம், ஏறக்குறைய நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை அளவு. தெருவுக்குத் தெரு பெயர். கடைக்குக் கடை உரிமையாளர், அவர் எப்படிப்பட்டவர், என்ன விற்கிறார் என்ற குறிப்பு. ஆடுபவர்கள் எந்தச் சந்தில் திரும்பினாலும் நடுவர் திணறாமல் பதில் சொல்லலாம்.

பிறகு வரிசையாக வந்தன. பல எழுத்தாளர்கள் சேர்ந்து கதை எழுதிய சாங்சுவரி என்ற திருடர் நகரம் 1981இல் விளையாட்டுப் பெட்டியாக வந்தது. ஒன்பது வெவ்வேறு விளையாட்டுகளின் விதிகளுக்கும் பொருந்தும்படி அதைத் தயாரித்திருந்தார்கள். கனடாவில் பொது நூலகத்தில் வேலை பார்த்த எட் கிரீன்வுட், சிறுவனாக இருந்தபோதே கதை எழுதத் தொடங்கிய உலகத்தில் வாட்டர்டீப் என்ற துறைமுகம் உண்டு. 1980களின் கடைசியில் அதன் தெருக்கள் பெரிய பெரிய தாள்களாக அச்சாகின. 2006இல் மான்டி குக் எழுதிய டாலஸ் என்ற ஒரே நகரத்துக்கு 672 பக்கப் புத்தகம். 2017இல் ஒலெக் டோல்யா என்பவர் செய்த நிரல், பொத்தானை அழுத்தினால் மதிலோடும் தெருக்களோடும் ஒரு புது ஊரையே வரைந்து தருகிறது.

இந்த வரலாற்றை வரிசையாகப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. 1824இல் வரைபடத்தில் படைகள் மட்டும். 1969இல் மேயரும் வங்கிக்காரரும் வந்தார்கள். 1976இல் கடைக்காரர்கள் வந்தார்கள். 1981இல் திருடர்கள் வந்தார்கள். வரைபடம் பெரிதாகப் பெரிதாக, அது ஊரின் மேல்படியிலிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியிருக்கிறது.

இன்னும் ஒரு படி இருக்கிறது. பேரன் தன் நகரத்தில் எத்தனை கடை இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல் வைத்திருந்தான். எஸ். ஜான் ராஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் எழுதிய கட்டுரையில் உள்ளது அது. 150 பேருக்கு ஒரு செருப்புத் தைப்பவர், 250 பேருக்கு ஒரு தையற்காரர், 350 பேருக்கு ஒரு நாவிதர், 6,300 பேருக்கு ஒரு புத்தக வியாபாரி. பேரனின் நகரத்தில் 6,000 பேர். கணக்குப் போட்டால் செருப்புத் தைப்பவர் 40 பேர், தையற்காரர் 24, நாவிதர் 17. புத்தகக் கடை ஒன்றுக்கே கொஞ்சம் குறைகிறது.

இந்தக் கணக்குக்கு அடிப்படை கற்பனை அல்ல, 1292ஆம் ஆண்டு பாரிஸ் நகர வரிப் பதிவேடு. பிரான்ஸ் அரசர் நான்காம் பிலிப் காலத்தில், வரி வசூலிப்பவர்கள் தெருத்தெருவாக நடந்து சுமார் 15,000 பேரின் பெயரையும் அவரவர் கட்ட வேண்டிய தொகையையும் எழுதி வைத்தார்கள். பலருக்குத் தொழிலும் எழுதப்பட்டிருக்கிறது. செருப்புத் தைப்பவர் 366, தையற்காரர் 197, நாவிதர் 151. எழுநூறு வருடங்களுக்கு முன் பாரிஸில் செருப்புத் தைத்தவர்களின் எண்ணிக்கை, மினியாபோலிஸில் ஒரு பையனின் சார்ட் பேப்பரில் கடைகளாக நிற்கிறது!

பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தேன். "தண்ணீர் சுமப்பவர், 850 பேருக்கு ஒருவர்" என்று ஒரு வரி. பேரனின் நகரத்துக்கு ஏழு பேர் வருகிறது. கேட்டேன்: "தம்பி, இந்த ஏழு பேரும் எங்கே தண்ணி எடுப்பாங்க?"

பையன் வரைபடத்தைப் பார்த்தான். கிணறு இல்லை. குளம் இல்லை. ஆறு மதிலுக்கு வெளியே ஒரு அலங்காரக் கோடாக ஓடியது.

அன்றிலிருந்து மூன்று சனிக்கிழமை நாங்கள் இருவரும் அந்த ஊரைத் திருத்தினோம். முதலில் ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்று முடிவு செய்தோம். ஆற்றை ஆழமில்லாத இடத்தில் கடக்கலாம், அதனால் சந்தை கூடியது, சந்தையால் ஊர் வந்தது. குடிதண்ணீர்த் துறையை மேலாற்றில் வைத்தோம். தோல் பதனிடுபவர்களையும் சாயக்காரர்களையும் கீழாற்றுக்கு அனுப்பினோம், இல்லாவிட்டால் ஊரே அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். ஊர் வளர்ந்தபோது பழைய மதிலை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். பாரிஸில் 1190இல் கட்டத் தொடங்கிய மதில் இன்று பெரும்பாலும் இல்லை. ஆனால் அதன் அகழி ஓடிய வழியில் இன்னும் "அகழித் தெரு" என்று பொருள்படும் பெயரோடு தெருக்கள் இருக்கின்றன. அதைச் சொன்னதும் பையனுக்கு ஒரே சந்தோஷம். தன் நகரத்திலும் ஒரு தெருவை வளைத்து அதற்கு "பழைய மதில் தெரு" என்று பெயர் வைத்தான். குப்பைமேடு வந்தது. இடுகாடு வந்தது. சில இடங்களை வேண்டுமென்றே காலியாக விட்டான். "அங்க என்ன இருக்குன்னு ஆடும்போது அவங்களே கேப்பாங்க, அப்ப சொல்லிக்கலாம்" என்றான். அது எனக்குத் தெரியாத பாடம்.

நான் அவனுக்குச் சொன்ன கடைசிப் பாடம் அந்தப் பதிவேட்டைப் பற்றியது. அது வரி கட்டியவர்களின் பட்டியல். விலக்குப் பெற்ற பிரபுக்களும் குருமார்களும் அதில் இல்லை. வரி கட்ட எதுவுமே இல்லாத பரம ஏழைகளும் இல்லை. பிரபுக்களுக்குக் கவலையில்லை, அவர்களுக்கு மாளிகையும் கல்லறையும் சாட்சி. ஏழைக்கு அந்த ஏட்டை விட்டால் வேறு ஏடு ஏது? "அவங்க எங்க தூங்குவாங்க அம்மாச்சி?" என்று கேட்டான். "நீதானே ஊரை வரையறே, நீயே சொல்லு" என்றேன். பாலத்துக்கு அடியில் சின்னச் சின்னதாக ஐந்தாறு கூரை போட்டான்.

இப்போது அந்தச் செய்திக்கு வருகிறேன்.

முப்பது வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில், சமூக அறிவியல் பாட நேரத்தில், ஒரு பையன் கிராஃப் நோட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். இல்லாத ஓர் ஊர். பஸ் ஸ்டாண்டு, ரைஸ் மில், வாய்க்கால், சுடுகாடு, கூரைக் கொட்டகை. தெருமுனையில் ஒரு அடிபம்பு, அதன் முன்னால் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். "இது என்னடா?" என்றேன். "குடம், டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. "பரீட்சையில இதுக்கா மார்க் போடுவாங்க?" என்று கேட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். பீரியட் முடியும் வரை நிற்க வைத்தேன். அன்று கரும்பலகையில் நான் மாட்டியிருந்த வரைபடத்தில் தலைநகரங்களும் போர்க்களங்களும் துறைமுகங்களும் இருந்தன. பத்து இடங்களைக் குறித்தால் பத்து மார்க். எந்த ஊரிலும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று உங்களை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பேரன் புத்திசாலிதான். ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டில் வளர்பவன், கிணறு அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தப் பையன் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டுத்தான் பள்ளிக்கு வந்திருப்பான். அதனால்தான் அவன் ஊரில் அடிபம்பு முதலிலேயே இருந்தது. இவ்வளவு புத்தகங்களும் பெட்டிகளும் வந்த பிறகு நான் புரிந்துகொண்டதை, அவன் பதின்மூன்று வயதில் ஒரு பக்கத்தில் வரைந்திருந்தான்.

பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்தில் நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், போன பொங்கலுக்கு வாழ்த்துகூட அனுப்பியிருந்தாய். அந்தப் பக்கத்தைக் கிழித்தது தவறு தம்பி. சிரிக்க விட்டது அதைவிடப் பெரிய தவறு. உனக்கு நினைவிருந்தால் அந்த ஊரை மறுபடி வரைந்து அனுப்பு. பேரனிடம் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். லீவு நாளில் உங்கள் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, இல்லாத ஊர் ஒன்றை வரையச் சொல்லுங்கள். அரண்மனையைத்தான் முதலில் போடுவார்கள், போடட்டும். முடித்த பிறகு மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குப்பை எங்கே போகிறது? வீடில்லாதவர் ராத்திரி எங்கே படுப்பார்? பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன், மார்க் போட மாட்டேன்.

ஆசிகளுடன்,
உங்கள் டீச்சர்