உடையத் தெரிந்த கொழுப்பு

ஆர்.என்.ஏ.வை மருந்தாக்க முனைந்தவர்களுக்கு முதல் தடை நோயாளியின் ரத்தமே. வெறும் ஆர்.என்.ஏ.வை ஊசியில் ஏற்றினால் நொதிகள் சில நிமிடங்களில் அதைத் துண்டாடிவிடும். தப்பிப் பிழைப்பதும் எதிர்மின்னேற்றம் கொண்டது. செல்லின் சவ்வைத் தாண்டாது. அதனால் ஆர்.என்.ஏ. மருந்தின் வரலாறு பெரும்பாலும் அதைச் சுமக்கும் கொழுப்பு உறையின் வரலாறாகவே இருக்கிறது.

1960களில் இங்கிலாந்தின் அலெக் பாங்காம் லிப்போசோம் எனும் நுண்குமிழைக் கண்டறிந்தார். 1978இல் முயலின் குளோபின் எம்.ஆர்.என்.ஏ.வை அத்தகைய குமிழில் வைத்து எலியின் செல்களுக்குள் செலுத்திக் காட்டினார்கள். 1987இல் பிலிப் ஃபெல்க்னர் நேர்மின்னேற்றக் கொழுப்பைக் கொண்டுவந்தார். சோதனைக்குழாயில் அது அருமையாக வேலை செய்தது. உடலுக்குள் அதே மின்னேற்றம் நச்சானது. கனடாவின் வான்கூவரில் பீட்டர் கல்லிஸ் குழுவினர் வேறு வழி தேடினர்: ரத்தத்தில் மின்னேற்றம் ஏறக்குறைய இல்லாமல், செல்லுக்குள் அமிலத்தன்மை கொண்ட பையில் சிக்கியதும் நேர்மின்னேற்றம் பெறும் கொழுப்பு. அந்த மின்னேற்றமே பையின் சவ்வைக் குலைத்து ஆர்.என்.ஏ.வை வெளியேற்றுகிறது.

இங்கேதான் ஒரு மதுரைக்காரர் வருகிறார். அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, வட கரோலினாவில் முனைவர் பட்டம் பெற்ற முத்தையா மனோகரன், 2003இல் அமெரிக்காவின் அல்நைலம் நிறுவனத்தில் சேர்ந்து அதன் வேதியியல் பிரிவைக் கட்டியெழுப்பினார். அல்நைலமும் வான்கூவர் குழுவும் கைகோத்து நூற்றுக்கணக்கான கொழுப்புகளைச் சலித்தன. 2012இல் முத்துசாமி ஜெயராமனை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை எம்.சி.3 என்ற கொழுப்பை அறிமுகப்படுத்தியது. எலிகளில் கிலோவுக்கு 0.005 மில்லிகிராம் அளவிலேயே கல்லீரலின் இலக்கு மரபணு பாதியாக அடங்கியது. மின்னேற்றம் மாறும் பி.எச். புள்ளி சுமார் 6.4, அதிலிருந்து சற்று விலகினாலும் வீரியம் சரிந்தது. 2018 ஆகஸ்டில் அமெரிக்க அனுமதி பெற்ற பட்டிசிரான், மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு மருந்துகளில் உலகின் முதலாவது, இந்த எம்.சி.3ஐத்தான் சுமைதாங்கியாகக் கொண்டது.

வீரியம் கிடைத்துவிட்டது, வேலை முடிந்த கொழுப்பு எங்கே போகும்? பட்டிசிரானை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க ஏற்றவேண்டும். ஒவ்வொரு முறையும் எதிர்விளைவைத் தணிக்க ஸ்டீராய்டு உள்ளிட்ட முன்மருந்துகள் வேறு. எம்.சி.3இலும் தலைப்பக்கம் ஓர் எஸ்டர் பிணைப்பு உண்டு, ஆனால் அது அவசரப்பட்டு உடைவதில்லை. செலுத்திய எம்.சி.3இல் ஏறத்தாழ 5.5 சதவீதம் மட்டுமே நான்கு நாளில் சிதைபொருளாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. ஓரிரு முறை போடும் தடுப்பூசிக்கு இது பொருட்டல்ல. ஆயுட்கால மருந்துக்கு அப்படிச் சொல்ல முடியாது.

விடை 2013இல் வெளிவந்தது. மார்ட்டின் மையர், ஜெயராமன், மனோகரன் முதலானோரும் வான்கூவர்க்காரர்களும் எழுதிய கட்டுரையில் எல்.319 என்ற கொழுப்பு இடம்பெற்றது. எம்.சி.3இன் நீண்ட இரு வால்களிலும் ஓர் இரட்டைப் பிணைப்பை எடுத்துவிட்டு அங்கே எஸ்டரை வைத்தார்கள். நெய்யிலும் நல்லெண்ணெயிலும் கொழுப்பமிலத்தைக் கிளிசராலோடு இணைப்பதும் எஸ்டர்தான். அதை அறுக்கும் நொதிகள் உடலில் ஏராளம். வால் அறுந்த துண்டுகள் நீரில் எளிதில் கரைந்து வெளியேறின. வீரியம் எம்.சி.3க்கு ஈடாக நின்றது, விலங்குகளின் தாங்குதிறன் கூடியது. என் கணிப்பில், இந்தத் துறையின் மிக அடக்கமான, மிகப் பயனுள்ள திருத்தம் இதுவே.

வேடிக்கை என்னவென்றால், அல்நைலமே அந்தப் பாதையில் நெடுந்தூரம் போகவில்லை. மனோகரன் குழுவினர் கல்லீரல் செல்கள் அடையாளம் காணும் சர்க்கரை மூலக்கூறை ஆர்.என்.ஏ.வில் நேரடியாகக் கோத்தனர்; உறையே தேவைப்படவில்லை. 2019இல் அனுமதி பெற்ற கிவோசிரான் அவ்வகை. எஸ்டர் வாலைப் பயன்படுத்திக்கொண்டது கொரோனா தடுப்பூசி. மாடர்னாவின் எஸ்.எம்.-102, பைசர்–பயோஎன்டெக் பயன்படுத்திய ஏ.எல்.சி.-0315 இரண்டிலும் வால்களில் எஸ்டர் உண்டு. எஸ்டர் இருந்தாலே வேகமாக மறையும் என்பதற்கும் உத்தரவாதமில்லை: ஏ.எல்.சி.-0315 எலிகளின் கல்லீரலில் நாட்கணக்கில் தங்கியது. பக்கக் கிளைகள் நெருக்கினால் நொதியால் பிணைப்பை எளிதில் எட்டமுடியாது.

இந்தியாவில் சிக்கல் வேறு இடத்தில்: குளிர்ச்சேமிப்பில். பத்தமடை போன்ற பேரூர்களின் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி இருப்பது 2 முதல் 8 டிகிரி வரை குளிரூட்டும் ஐ.எல்.ஆர். பெட்டியில். பைசர் தடுப்பூசிக்குத் தொடக்கத்தில் மைனஸ் 70 டிகிரி, மாடர்னாவுக்கு மைனஸ் 20 வேண்டியிருந்தது. அத்தகைய ஊர்களில் அதற்கு வசதி தேடுவது வீண். 2022 ஜூனில் அவசரகால அனுமதி பெற்ற புனே ஜென்னோவாவின் ஜெம்கோவாக் இதைச் சுற்றிக்கொண்டு போனது. அதில் ஆர்.என்.ஏ. துகளுக்குள் அடைபடவில்லை, எண்ணெய்க் கூழ்மத் துளியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டது. உறையவைத்து உலர்த்தித் தூளாக்கியதால் சாதாரணக் குளிர்பெட்டியே போதுமானதாயிற்று.