ஒரு சொல்லின் விலை

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சூர் போயிருந்தேன். கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, உடன் வந்த நண்பர் பழைய மாதா கோயில் ஒன்றைக் காட்டினார். "இந்தச் சபைக்காரர்களை மற்றவர்கள் நெஸ்தோரியர்கள் என்பார்கள். மரியம்மையை இவர்கள் 'கடவுளின் தாய்' என்று சொல்வதில்லை. 'கிறிஸ்துவின் தாய்' என்றுதான் சொல்வார்கள்" என்றார்.

"இரண்டும் ஒன்றுதானே?" என்று கேட்டேன்.

நண்பர் சிரித்தார். "அதில்தான் ஐயா ஆயிரத்தைந்நூறு வருஷத்துச் சண்டை!"

ஊர் திரும்பியதும் அந்தச் சண்டையைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். நான் காலேஜில் இரண்டே வருஷம் படித்தவன். கிரேக்க மொழியும் தெரியாது, தேவ சாஸ்திரமும் தெரியாது. ஆனால் மனிதர்கள் எதற்காக ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பது கதை எழுதுகிறவனுடைய தொழில் அல்லவா? அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

இயேசு கிறிஸ்து தெய்வமே என்று கி.பி. 325-ல் நைசீயா நகரத்தில் கூடிய சபை தீர்மானித்துவிட்டது. தீர்மானித்த பிறகுதான் உண்மையான சங்கடம் பிறந்தது. சமாரியா நாட்டுக் கிணற்றடியில் களைத்துப் போய் உட்கார்ந்து, ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்டாரே, அவர் யார்? தெய்வத்துக்குத் தாகம் எடுக்குமா? நண்பன் லாசருவின் கல்லறைக்கு முன்னால் நின்று கண்ணீர் விட்டவர் யார்? அடுத்த நிமிஷமே செத்தவனை எழுந்து வெளியே வரச் சொன்னவர் யார்?

அந்தியோக்கியா நகரத்து அறிஞர்கள் ஒருவிதமாகப் பதில் சொன்னார்கள். அழுதது மனிதத்தன்மை, எழுப்பியது தெய்வத்தன்மை, இரண்டையும் குழப்பக்கூடாது. குழப்பினால் கடலில் விழுந்த தேன் துளி மாதிரி மனிதன் கரைந்துபோவான். கண்ணீரும் தாகமும் வெறும் வேஷமாகிவிடும் என்றார்கள். அலெக்ஸாண்ட்ரியா நகரத்தார் வேறுவிதமாகப் பேசினார்கள். இரண்டையும் அப்படிப் பிரித்துவிட்டால் ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் என்றல்லவா ஆகும்? சிலுவையில் செத்தவன் மனிதன் மட்டும்தான் என்றால் அந்தச் சாவினால் நமக்கு என்ன லாபம்? தொட்டிலில் கிடந்தவரும் சிலுவையில் தொங்கியவரும் கடவுளேதான் என்றார்கள்.

வாசகர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இதை வார்த்தை விளையாட்டு என்று நானும் முதலில் நினைத்தேன். நம்மோடு சேர்ந்து அழுதவர் நிஜமாக அழுதாரா என்பது ஒரு கேள்வி. அழுதவர் நிஜமாகக் கடவுள்தானா என்பது இன்னொரு கேள்வி. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மாதா கோயிலில் மண்டியிடும் ஒரு தாய்க்கு இரண்டுக்கும் 'ஆம்' என்ற பதில் வேண்டும். இரண்டு ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு 'ஆம்' என்ற சொல்லைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவன் நம்முடையதைத் திருட வருகிறான் என்று ஒவ்வொருவருக்கும் பயம்.

அந்தியோக்கியாவில் துறவியாக இருந்த நெஸ்தோரியஸ், கி.பி. 428-ல் கான்ஸ்டாண்டிநோபிளின் ஆர்ச்பிஷப் ஆனார். நல்ல பேச்சாளி, நிதானம் மட்டும் போதாது. மதத் துரோகிகள் இல்லாத பூமியை எனக்குக் கொடுங்கள், உங்களுக்கு நான் மோட்சத்தைக் கொடுக்கிறேன் என்கிற தோரணையில் சக்கரவர்த்தி இரண்டாம் தியோடோசியஸுக்கு முன்னால் முதல் பிரசங்கத்தைச் செய்தாராம். பதவியேற்ற சில நாட்களிலேயே ஆரியஸ் மதத்தாரின் கோயிலை இடிக்கப் போனார். அவர்கள் மனம் வெறுத்துத் தாங்களே அதற்குத் தீ வைத்தார்கள். தீ அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பரவியது. துரோகிகளை வேட்டையாடக் கிளம்பிய இந்த மனிதர் தாமே துரோகி என்ற பெயரோடு சாகப் போகிறார் என்று அன்று யார் கண்டார்கள்?

மரியம்மையைத் 'தெயோடோக்கோஸ்', அதாவது கடவுளைப் பெற்றவள் என்று ஜனங்கள் அன்போடு அழைத்து வந்தார்கள். மனிதனைப் பெற்றவள்தான் என்று வாதித்தவர்களும் இருந்தார்கள். நெஸ்தோரியஸ் நடுவில் புகுந்து, 'கிறிஸ்டோடோக்கோஸ்', கிறிஸ்துவைப் பெற்றவள் என்று சொல்லுங்கள், தகராறு தீரும் என்றார். தீரவில்லை. தாயை ஒரு படி கீழே இறக்கிவிட்டான் என்று ஜனங்கள் கொதித்தார்கள்.

அலெக்ஸாண்ட்ரியாவின் பிஷப் சிரில் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். மகா மேதை, அதே அளவுக்குச் சாமர்த்தியசாலி. ரோமாபுரியின் போப் செலஸ்டினைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். விவகாரம் முற்றவே, சக்கரவர்த்தி எபேசு நகரத்தில் சபை கூட்டினார். கி.பி. 431 ஜூன் 22-ந் தேதி, அந்தியோக்கியாவின் பிஷப்புகள் வந்து சேருமுன்பே, சிரில் சபையைத் தொடங்கிவிட்டார். நெஸ்தோரியஸ் வர மறுத்தார். இரண்டு மூன்று மாதக் குழந்தையைக் கடவுள் என்று அழைக்கத் தம்மால் முடியாது என்று அவர் சொன்னதாக அங்கே சாட்சி சொன்னார்கள். ஒரே நாளில் தீர்ப்பு: பதவி நீக்கம். பகலெல்லாம் வெளியே காத்திருந்த எபேசு ஜனங்கள் தீவட்டி பிடித்து பிஷப்புகளை ஊர்வலமாக விடுதிகளுக்கு அழைத்துப் போனார்கள்.

நாலு நாள் கழித்து வந்து சேர்ந்த அந்தியோக்கியா பிஷப்புகள் தனியாகக் கூடிச் சிரிலைப் பதவி நீக்கினார்கள்! சக்கரவர்த்தி இரண்டு தீர்ப்பையும் ஒப்புக்கொண்டு இரண்டு பேரையும் காவலில் வைத்தார். பிறகு அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து அரண்மனைக்குக் காணிக்கைகள் போயின. கம்பளங்கள், தந்த நாற்காலிகள், பொன் என்று அவற்றின் பட்டியலே இன்றைக்கும் இருக்கிறது. சிரில் ஊர் திரும்பித் தம் ஆசனத்தில் உட்கார்ந்தார். நெஸ்தோரியஸ் பழைய மடத்துக்குப் போனார். 435-ல் அவருடைய நூல்களைக் கொளுத்த உத்தரவு பிறந்தது. பிறகு எகிப்தின் பாலைவனச் சோலை ஒன்றுக்கு அவரை நாடு கடத்தினார்கள். எகிப்து யாருடைய ராஜ்யம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனிமேல்தான் விதி விளையாடுகிறது. யூட்டிகஸ் என்ற வயோதிகத் துறவி, தெய்வமும் மனிதமும் சேர்ந்த பிறகு இருப்பது ஒரே தன்மைதான் என்று கிளம்பினார். 449-ல் எபேசுவில் மறுபடியும் ஒரு சபை கூடி அவரை ஆதரித்தது. எதிர்த்த கான்ஸ்டாண்டிநோபிள் பிஷப் ஃபிளேவியனைப் பதவி நீக்கி இழிவுபடுத்தினார்கள். சிறிது காலத்தில் அவர் இறந்தார். இரு தன்மைகளையும் விளக்கிப் போப் லியோ அனுப்பிய கடிதத்தைச் சபையில் படிக்கவே விடவில்லை. அதைக் கொள்ளைக்கூட்டம் என்றே லியோ அழைத்தார்.

அடுத்த வருஷம் ஜூலையில் சக்கரவர்த்தி குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய தமக்கை புல்கேரியாவும் அவள் மணந்த மார்சியனும் ஆட்சிக்கு வந்தார்கள். 451 அக்டோபரில் கல்செதோன் நகரத்தில் பெரிய சபை கூடியது. கிறிஸ்து ஒரே ஆள், இரண்டு தன்மை. அவை கலக்கவில்லை, மாறவில்லை, பிரியவில்லை, பிளவுபடவில்லை என்று தீர்மானித்தது. நான்கு 'இல்லை'கள்! எப்படி இணைந்தன என்று ஒரு வார்த்தை கிடையாது. நான்கு பக்கமும் வேலி கட்டிவிட்டு, நடுவில் இருப்பதைத் தொடாமல் வந்துவிட்டார்கள். புத்திசாலிகள்.

அந்த நாட்களில் நெஸ்தோரியஸ் பாலைவனத்தில் இருந்தார். நாடோடிக் கொள்ளையர் அவரைச் சிறைபிடித்துப் போய் வழியில் விட்டுவிட்டார்கள். ஓடிப்போயிருக்கலாம். தப்பித்து ஓடினான் என்ற பெயர் வேண்டாம் என்று அவரே அதிகாரிக்குத் தகவல் அனுப்பினார். கிடைத்த பரிசு, காவலோடு ஊர் ஊராக இழுத்தடிப்பு. அந்த நிலையில் லியோவின் கடிதம் அவர் கைக்கு வந்தது. தாம் சொல்ல முயன்றதையே லியோ சொல்லியிருப்பதாகக் கண்டு மகிழ்ந்தார். லியோவுக்கு எழுதுங்கள் என்று வேண்டியவர்களுக்கு இணங்கவில்லை. தம் பெயர் மீதுள்ள வெறுப்பு அந்த உண்மையின் மீதும் ஒட்டிக்கொள்ளுமே என்று பயந்தார். கடவுளுக்குத் துதி உண்டாகட்டும், நெஸ்தோரியஸ் சபிக்கப்பட்டவனாகவே இருக்கட்டும் என்ற கருத்துப்பட எழுதிவைத்துவிட்டுச் சுமார் 450-ல் இறந்தார். தீ வைக்கக் காரணமாக இருந்த அந்தப் பழைய பிரசங்கியா இவர்?

சபித்தவர்கள் சபித்துக்கொண்டே இருந்தார்கள். அவருடைய நாக்கைப் புழு தின்றது என்று ஒரு கதையை அடுத்த நூற்றாண்டுச் சரித்திரக்காரர் எவாக்ரியஸ் குறித்துவைத்தார். எகிப்து, ஆர்மீனியச் சபைகளும் சிரியாவில் பலரும் கல்செதோனை ஏற்கவில்லை. பாரசீகத் திருச்சபை நெஸ்தோரியஸைப் போற்றியது. அதன் குருமார்கள் 635-ல் சீனா வரைக்கும் போனார்கள். மலையாளக் கரைக் கிறிஸ்தவர்களுக்கும் பிஷப்புகள் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தார்கள். அதனால் 1599-ல் உதயம்பேரூரில் கோவா ஆர்ச்பிஷப் மெனேசிஸ் கூட்டிய சபையில், அந்த எளிய ஜனங்கள் நெஸ்தோரியஸைச் சபிக்க வேண்டியதாயிற்று. அவர்களுடைய சுரியானி ஏடுகள் பல நெருப்புக்குப் போயின. ஒரு கிரேக்கச் சொல்லுக்காகப் பாலைவனத்தில் செத்த மனிதரைத் தேடி, ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து, நெருப்பு நம் பக்கத்து நாட்டுக்கு வந்தது.

நெருப்புக்குத் தப்பியது ஒரே ஒரு முக்கியமான நூல். வேறொருவர் பெயரில் மறைந்து, சுரியானி மொழிபெயர்ப்பாக, குர்திஸ்தான் மலைகளில் உயிரோடிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அகப்பட்டு, 1910-ல் அச்சேறியது. கிறிஸ்துவை இரண்டு ஆளாக வெட்டியவர் என்று உலகம் திட்டிய மனிதர், நான் அப்படிச் சொல்லவில்லையே என்று அந்த நூலில் மன்றாடுகிறார். அவர் சொன்ன முறையில் குறை இருந்தது என்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் தண்டனை கொடுத்த பிறகாவது அவருடைய வாக்குமூலத்தைப் படிக்க முடிந்ததே!

1994 நவம்பர் 11-ந் தேதி போப் இரண்டாம் ஜான் பாலும், கிழக்குத் திருச்சபையின் தலைவர் மார் தின்காவும் ரோமாபுரியில் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். 'கடவுளின் தாய்', 'கிறிஸ்துவின் தாய்' என்ற இரண்டு பெயர்களும் ஒரே விசுவாசத்தின் நியாயமான சொற்களே என்று ஒப்புக்கொண்டார்கள். எபேசுவின் தீவட்டி ஊர்வலம் முடிந்து 1563 வருஷமாகியிருந்தது.

திருச்சூர்க் கடைத்தெருவில் நான் கேட்ட கேள்வி அவ்வளவு அசட்டுத்தனமானது அல்ல என்று இப்போது ஒரு சின்னத் திருப்தி. ஆனாலும் அடுத்த முறை போகும்போது அவ்வளவு சுலபமாக அதைக் கேட்கமாட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல இத்தனை பேர் இவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு அன்று தெரியாது.