மலை ஏலமும் மலாய்த் தொதலும்

நோன்புப் பெருநாளன்று கீழக்கரையில் ஒரு வீட்டுக்கு விருந்தினராகச் சென்றால், நம் முன் வைக்கப்படும் தட்டில் தொதலும் வட்டலப்பமும் இருக்கக் காண்கிறோம். இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் வீட்டார் கடலைக் காட்டுவர். அது சரியான விடையே. ஆயினும் அது பாதி விடை. மறுபாதி கடற்கரையிலிருந்து வெகுதொலைவில், போடிநாயக்கனூருக்கு மேலே, குரங்கணியை ஒட்டிய மலைச்சரிவுகளில் இருக்கிறது. தென்கிழக்காசியத் தீவுகளின் இனிப்பொன்று தமிழ்க் கரையில் தமிழர் பண்டமாக மாறிய கதையை இவ்விரு பாதிகளையும் சேர்த்துப் படித்தால்தான் முழுமையாக அறிய இயலும்.

தொதலின் நிலப்பரப்பு

அரிசிமாவு, தேங்காய்ப்பால், பனைவெல்லம் ஆகிய மூன்றையும் பெரிய இரும்புச் சட்டியிலிட்டு, அடிபிடிக்காமல் பல மணி நேரம் கிளறி, எண்ணெய் பிரிந்து பளபளப்பாகத் திரண்டபின் இறக்கி ஆறவைத்துத் துண்டு போடுவது தொதல். மலாய் மொழியிலும் சாவக மொழியிலும் இதன் பெயர் டோடோல். மேற்குச் சாவகத்தின் காருட் நகரம் இதற்குப் பேர்பெற்றது. மலாக்காவின் கடைத்தெருக்களில் இது பனைவெல்லக் கருநிறத்தில் விற்கப்படுகிறது. பிலிப்பைன்சின் தென்பகுதியான மிண்டனாவோ தீவில் வாழும் மரனாவோ முஸ்லிம்களும் இதனை டோடோல் என்றே அழைக்கின்றனர். அந்நாட்டின் நடுப்பகுதியில் கிறித்தவர் பெருவாரியாக வாழும் தீவுகளில் ஏறத்தாழ இதே பண்டம் கலமாய் என வேறு பெயர் பெறுகிறது. போஹோல் தீவில் அதனைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் அடைத்து விற்பது வழக்கம்.

மேற்கே வந்தால் இலங்கையின் அம்பாந்தோட்டையில் கித்துள் வெல்லமிட்ட கருந்தொதலைக் காண்கிறோம். யாழ்ப்பாணத்திலும் தொதல் உண்டு. கீழக்கரையில் அதே பெயரில் கடைதோறும் கிடைக்கிறது. கோவாவின் கத்தோலிக்கர் கிறிஸ்துமஸ் காலத்தில் செய்யும் தோதோலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. எனவே இப்பண்டத்தை ஒரு சமயத்தாரின் தனியுடைமை என்று கூறுதல் பொருந்தாது. கப்பல் சென்ற துறைகளில் எல்லாம் அது இறங்கியது. இறங்கிய இடத்து மக்கள் தத்தம் பண்டிகைக்கு அதனை வரித்துக்கொண்டனர்.

வந்த வழிகள்

இபுனு பதூதா 14ஆம் நூற்றாண்டின் நாற்பதுகளில் மஅபர் எனப்பட்ட தமிழகக் கரையிலும், பின்னர் சுமத்திராவின் சமுத்திரா-பாசாயிலும் தங்கியவர். அவர் சென்ற கடல்வழி அன்றே பழகிய வழி. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபோது, அந்நகரில் தமிழ் வணிகர் செல்வாக்குடன் இருந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் அந்நகரைப் பற்றி எழுதிய தோமே பிரேசு, அவ்வணிகரைப் பற்றி விரிவாகவே குறித்துள்ளார். சோழமண்டலக் கரையின் மரக்காயர்களும் சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகரும் துணிமணிகளை ஏற்றிச் சென்று அச்சே, கெடா ஆகிய துறைகளில் வணிகம் செய்தனர். ஆங்கிலேயர் 1786இல் பினாங்கில் குடியேற்றம் அமைத்த சில ஆண்டுகளிலேயே, 1801இல், அங்கே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. சிங்கப்பூரின் நாகூர் தர்கா கட்டடம் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது.

இவ்வாறு சென்று திரும்பியோர் சரக்கை மட்டும் கொண்டுவரவில்லை. மொழியில் இதற்குச் சான்று உண்டு. நம் கப்பல் மலாயில் ‘காப்பால்’ ஆயிற்று. கடை ‘கெடை’ ஆயிற்று. அப்பம் ‘அப்பாம்’ ஆயிற்று. சொல் அங்கே சென்றதுபோல் சுவை இங்கே வந்தது.

இரண்டாவது வழி இலங்கை வழி. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைக் கரையைப் பிடித்தபின், பத்தாவியாவிலிருந்து மலாய்ப் படைவீரரையும் நாடு கடத்தப்பட்டவர்களையும் அங்கே கொண்டுவந்தனர். சாவகத்தின் மத்தாராம் அரசன் மூன்றாம் அமங்குராத் 1708இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டான். ஆங்கிலேயர் ஆட்சியிலும் மலாய் வீரர்களைக் கொண்ட இலங்கைத் துப்பாக்கிப் படை 1873இல் கலைக்கப்படும் வரை நீடித்தது. அச்சமூகம் தன் மொழியையும் பேணியது. 1869இல் கொழும்பிலிருந்து ‘அலாமத் லங்காபுரி’ என்னும் மலாய் இதழ் அரபு எழுத்தில் வெளிவந்தது. அம்பாந்தோட்டைத் தொதலுக்குப் பின்னால் இருப்பது இம்மக்களின் வாழ்வே. அரசர்களும் போர்வீரர்களும் வந்தார்கள் என்று ஏடுகள் கூறுகின்றன. அவர்களுடன் வந்த பெண்கள் அடுப்பு மூட்டினார்கள் என்பதைத் தொதல் கூறுகிறது.

வட்டிலில் வைத்த அப்பம்

வட்டலப்பத்தின் கதை இதனினும் சுவையானது. முட்டை, தேங்காய்ப்பால், வெல்லம் ஆகியவற்றைக் கலந்து ஆவியில் அவித்தெடுக்கும் இப்பண்டம், மலாய் மக்களின் ‘செரிகாயா’வுக்கு நெருங்கிய உறவு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்று ரொட்டியில் தடவி உண்ணும் ‘காயா’வும் அந்தப் பெயரின் சுருக்கமே. இலங்கையில் இது மலாய் மக்கள் வழியே பரவியது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் பெயரைப் பாருங்கள்: வட்டில் என்பது கிண்ணம், வட்டிலில் வைத்து அவித்த அப்பம் வட்டிலப்பம். செய்முறை மலாய், பெயர் தமிழ். சிங்களவரும் இதே பெயரைச் சற்றுத் திரித்து வழங்குகின்றனர்.

ஒரு மக்கள் பிறர் பண்டத்தை ஏற்கும்போது அதன் பெயரையும் சேர்த்து ஏற்பது உண்டு. தொதலில் நடந்தது அது. பண்டத்தை ஏற்றுத் தம் வீட்டுப் பாத்திரத்தின் பெயரை அதற்கு இடுவதும் உண்டு. வட்டலப்பத்தில் நடந்தது இது. பின்னதில் உரிமை மிகுதி.

மாறிய மணம்

வெல்லத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு கரையும் தன் மரத்தையே நம்பியது. மலாக்காவில் தென்னை வெல்லம். இலங்கையின் தென்பகுதியில் கித்துள். இராமநாதபுரத்துப் பனங்காட்டில் கருப்பட்டி. ஆனால் பண்டத்தை வேறொன்றாகவே மாற்றியது மணம்.

தென்கிழக்காசியாவில் இனிப்புக்கு மணமூட்டுவது பெரும்பாலும் பாண்டான் இலை. இலங்கைத் தமிழர் இதனை ரம்பை என்பர். அத்தீவுகளிலும் உருண்டையான வெண்ணிற ஏலவகை ஒன்று விளைகிறது. எனினும் இனிப்பின் மணம் இலையினுடையதே. இலங்கையிலோ ரம்பை கறிச்சட்டியோடு நின்றுவிட்டது. தொதலிலும் வட்டலப்பத்திலும் ஏலக்காய் ஏறியது. வட்டலப்பத்தில் ஏலத்தோடு சாதிக்காயும் சேர்வது உண்டு. 1621இல் ஒல்லாந்தர் பெரும் படுகொலை செய்து கைப்பற்றிய பண்டா தீவுகளே சாதிக்காயின் தாயகம். ஆக, ஒரு சிறு கிண்ணத்தில் மொலுக்காவின் மணமும் நம் மேற்கு மலையின் மணமும் சந்திக்கின்றன. கீழக்கரையிலும் அவ்வாறே. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் திரண்டு வரும் வேளையில் தட்டிப் போடப்படுவது ஏலக்காய். கண்ணை மூடிக்கொண்டு உண்டாலும் இது நம் கரையின் தொதல் என்று சொல்ல வைப்பது அந்த ஒரு பொருளே.

குரங்கணியில் நின்று மேலே நோக்கினால் தெரிவது டாப் ஸ்டேஷன் முகடு. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் தொடங்கி, 1908இல் சிறு இருப்புப்பாதையாக மாற்றப்பட்ட தடம் அம்முகடு வரை தேயிலையைக் கொண்டுவந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிப் பள்ளத்தாக்குக்கு இறங்கிய பெட்டிகள், வண்டிகளில் போடி சேர்ந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அழித்தது. மலைக்கும் சமவெளிக்கும் இடையில் போடி வாயிலாக அமைந்ததன் காரணத்தை அந்தப் பாதை நமக்கு விளக்குகிறது. மலைச் சரக்கு இறங்கியாக வேண்டிய இடம் அது.

ஏலக்காய்க்கும் அதுவே வாயில். ஏலச்செடியின் காய்கள் கிளை நுனியில் தொங்குவதில்லை. செடியின் அடியில், தரையோரம் படரும் கொத்துகளில் காய்க்கின்றன. குனிந்தோ குந்தியோதான் பறிக்க வேண்டும். பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். போடி, கம்பம் பகுதிகளிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் ஏறி மலைத் தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் திரும்புவோர் அவர்கள். பறித்த காயைப் பச்சை நிறம் மாறாதவாறு மிதமான வெப்பத்தில் உலர்த்தினால், ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய்க்கு 1 கிலோ உலர்காய் கிடைக்கும். பின்னர் பருமன் பார்த்துத் தரம் பிரிப்பர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் இடங்களுள் போடி ஒன்று. கேரளத்தின் புற்றடி மற்றொன்று.

இங்கே ஒரு சொல் வேடிக்கை உண்டு. காயைக் குறிக்கும் ஏலம் நம் பழஞ்சொல். விலை கூறலைக் குறிக்கும் ஏலம் போர்த்துக்கீசிய ‘லெயிலாவ்’ என்பதிலிருந்து வந்தது. மலாய் மொழியின் ‘லெலோங்’கும் அதன் வழிவந்ததே. தொதலைச் சுமந்த அதே கடல்தான் போடியின் விற்பனைக் கூடத்துக்கும் பெயர் தந்திருக்கிறது.

துறைமுகத்தின் பெயர்

இம்மலைகளின் ஏலக்காய் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. பெற்ற பெயரோ ‘ஆலப்புழைப் பச்சை ஏலக்காய்’. ஆலப்புழையில் ஏலம் விளைவதில்லை. அது முன்பு சரக்கு கப்பலேறிய துறை. மலாய் நாட்டில் தென்னை வெல்லத்துக்கு ‘குலா மலாக்கா’ என்று பெயர். அதுவும் துறையின் பெயரே. விளைந்த இடமும் விளைவித்த கையும் மறைந்து, கப்பலேறிய துறை மட்டும் பெயரில் நிற்பது வணிக வரலாற்றின் இயல்பு.

நம் வரலாற்று நூல்களிலும் இக்குறை உண்டு. தமிழ் முஸ்லிம் வணிகம் என்றால் மரக்காயரும் மரக்கலமும் நினைவுக்கு வருகின்றன. போடி, உத்தமபாளையம், கம்பம் வட்டாரத்து இராவுத்தர் குடும்பங்களில் ஏலத் தோட்டத்திலும் வணிகத்திலும் ஈடுபட்டோர் உண்டு. அவர்களைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. மலையில் காய் பறித்த பெண்களைப் பற்றியும் கரையில் தொதல் கிளறிய பெண்களைப் பற்றியும் அதனினும் குறைவு. ஓர் இனிப்புத் துண்டில் இவ்விரு பெண்களின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. அவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை.

எங்கே கிடைக்கும்?

சுவைத்துப் பார்க்க விழைவோர்க்குச் சில இடங்களைக் குறிப்பிடலாம். தொதலுக்குக் கீழக்கரைக் கடைத்தெரு போதும். கருந்தொதலுக்கு அம்பாந்தோட்டைச் சாலையோரக் கடைகள். வட்டலப்பத்தைப் பெருநாளன்று இலங்கை முஸ்லிம் வீடுகளில் உண்பதே சிறப்பு. கொழும்பு உணவகங்களிலும் கிடைக்கும். பாண்டான் மணத்தோடு ஒப்பிட விரும்புவோர் ரமலான் மாதத்தில் சிங்கப்பூரின் கேலாங் செராய் சந்தைக்குச் செல்லலாம். மிண்டனாவோவின் சுவையை மணிலாவிலேயே காண விரும்புவோர்க்கு, கியாப்போவில் 1976இல் எழுப்பப்பட்ட தங்கப் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள முஸ்லிம் குடியிருப்பு உண்டு.

பயணம் செய்ய இயலாதவர்க்கும் ஒன்று உண்டு. நோன்பு திறக்கும் வேளையில் நம் வீடுகளில் பாலிலோ சர்பத்திலோ காய்ச்சி உறையவைக்கும் கடற்பாசியே அது. உலகெங்கும் வழங்கும் ‘அகர்-அகர்’ என்னும் பெயர் மலாய்ச் சொல். பிலிப்பைன்சில் அதனைக் குலமான் என்பர். அதற்கு மூலமான பாசி வகைகளுள் சில நம் மன்னார் வளைகுடாவிலேயே உள்ளன. இராமநாதபுரக் கரையின் மீனவப் பெண்கள் அவற்றைக் கடலில் மூழ்கி எடுக்கின்றனர்.

தொதல் இன்று கடையில் எளிதாகக் கிடைப்பதாலேயே வீட்டில் கிளறுவது அருகி வருகிறது. பல மணி நேரம் அடுப்பருகே நிற்க இன்று எவரையும் வற்புறுத்த இயலாது. வற்புறுத்துவது நியாயமும் அன்று. ஆனால் அளவுகளை எழுதி வைக்கலாம். எத்தனை தேங்காய்க்கு எத்தனை கருப்பட்டி, ஏலக்காய் எப்போது போடுவது, பதம் எவ்வாறு அறிவது, யாரிடம் கற்றது என்பவற்றை நம் வீட்டு மூத்த பெண்களிடம் கேட்டு, அவர்கள் பெயரோடு குறித்து வைப்பது நம்மால் ஆகக்கூடியதே. துறைமுகத்தின் பெயரை வணிகம் காத்துக்கொள்ளும். அவர்கள் பெயரைக் காக்க வேண்டியவர்கள் நாமே.