பனையின் வட்டிக் கணக்கு

"தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்" என்னும் பழமொழியைப் பொறுமைக்கு ஒரு சான்றாக வகுப்பறையில் சொல்லிவிட்டு நாம் கடந்துவிடுகிறோம். சற்று நின்று பார்த்தால் அது ஒரு முதலீட்டுக் கணக்கு என்பது புலப்படும். தென்னை சில ஆண்டுகளில் காய்ப்புக்கு வந்துவிடும். பனை பாளை விடுவதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை ஆகும். அதுவரை அது ஆண்பனையா பெண்பனையா என்பதுகூடத் தெரியாது. அப்படிப்பட்ட மரத்தை நம் முன்னோர் ஏன் வைத்தனர், இன்று நாம் அதை ஏன் வெட்டுகிறோம் என்னும் இரு கேள்விகளுக்கும் விடை ஒன்றாகவே இருக்கக்கூடும்.

சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கிறது இருக்கன்குடி. இரண்டு கங்கை கூடும் குடி என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைக் காண வரும் பெருங்கூட்டம் திரும்பும்போது கருப்பட்டி மிட்டாய் வாங்காமல் போவதில்லை. ஆனால் அந்தச் சாலையின் இருமருங்கிலும் நம் கண்ணில் படுவது சீமைக்கருவேல்தான். கண்மாய்க் கரையிலும் ஓடைக் கரையிலும் ஒன்றிரண்டு பனைகள் நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் கழுத்தில் காய்ந்த ஓலைகள் அரியப்படாமல் தொங்குகின்றன. ஆள் ஏறாத மரத்துக்கு அதுவே அடையாளம்.

மரம் வளர்ப்பதில் காலத்துக்கும் விலை உண்டு என்பதை 1849இல் மார்ட்டின் ஃபாஸ்ட்மன் என்னும் ஜெர்மானிய வனவியலாளர் ஒரு சூத்திரமாக வகுத்தார். மரம் தரப்போகும் வருவாயை வட்டியால் கழித்துப் பார்த்தே நிலத்தின் மதிப்பை அறிய வேண்டும் என்பது அதன் சாரம். அக்கணக்கைப் பனைக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது 'இரண்டு வட்டி', நம் பக்கத்தில் பழகிய ஒன்று. ஆண்டுதோறும் வட்டியை முதலோடு சேர்த்தால் 100 ரூபாய் 15 ஆண்டுகளில் ஏறத்தாழ 2,500 ரூபாயாகிவிடும். கடன் வாங்கிப் பனை வளர்ப்பவன் அந்தச் சுமையோடுதான் முதல் பாளையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். கணக்கறிந்த எவரும் அத்தொழிலில் இறங்கமாட்டார்.

ஆனால் நம் ஊர்களில் யாரும் கடன் வாங்கிப் பனை வைக்கவில்லை. தின்று போட்ட பழத்தின் கொட்டையை வரப்பிலும் கரையிலும் புதைத்தார்கள். பயிர் நிலம் தேவைப்படவில்லை, தண்ணீர் பாய்ச்சவும் இல்லை. வடலியாக நிற்கும்போதே பெட்டி முடையவும் கூரை வேயவும் ஓலை கிடைத்தது. சுழியத்துக்கு எத்தனை ஆண்டு வட்டி போட்டாலும் சுழியம்தானே! பழமொழி அஞ்சிய அந்த நீண்ட காத்திருப்புக்கு உண்மையில் செலவே இல்லை. செலவெல்லாம் மரம் பாளை விட்ட பிறகுதான் தொடங்கியது. அது மனித உடலின் செலவு.

அதே 1849இல்தான் கால்டுவெல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றிய தம் சிறுநூலை வெளியிட்டார். அச்சமூகத்தாரைப் பற்றி அதில் அவர் எழுதிய இழிவான மதிப்பீடுகள் பிற்காலத்தில் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயின. அது நியாயமான எதிர்ப்பே. எனினும் பனையை நம்பிய வாழ்வின் கடுமையை அந்நூல் காட்டத் தவறவில்லை. வேனிற்கால மாதங்களில் ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்க வேண்டும். பாளையைச் சீவிக் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவ வேண்டும். இறக்கிய பதநீரை வீட்டுப் பெண்கள் அன்றன்றே காய்ச்சிக் கருப்பட்டியாக்கிவிட வேண்டும், இல்லையேல் புளித்துவிடும். தவறி விழுந்தால் குடும்பமே விழுந்தது.

அவ்வாறு விளைந்த கருப்பட்டி மாட்டுவண்டி ஏறி வடக்கே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்கோடித் தேரிக் காட்டிலிருந்து வந்த நாடார் வணிகர்கள் வழியில் பேட்டைகளை அமைத்துக்கொண்டனர். சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகியவை அவர்களுடைய வணிக ஊர்களாக வளர்ந்தன. சரக்கின் மீது தமக்குள் விதித்துக்கொண்ட மகமையால் கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் எழுந்தன. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்டனர். பனையில் தொடங்கிய வணிகம் பனையைத் தாண்டிச் சென்ற கதை இது. தீக்குச்சிக்கு வேண்டிய மரமோ கேரளத்திலிருந்து வந்தது.

ஆலைகள் பெருகியபோது, ஏறும் உடலுக்கு வேறொரு விலை கிடைத்தது. தீப்பெட்டி ஆலைகளுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும் ஊர் ஊராக ஆளேற்றிச் செல்லும் வண்டிகள் வந்தன. அங்கும் உயிருக்கு ஆபத்து உண்டு என்பதைச் சிவகாசி வட்டாரத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அங்கே கூலி ஒரு பருவத்தோடு நின்றுவிடுவதில்லை. பனையேறியின் மகன் மரத்தைவிட்டு இறங்கியதை நாம் குறை கூற முடியாது. ஏற ஆளில்லாத பனைக்கு எஞ்சிய ஒரே விலை விறகு விலை. அது செங்கல் சூளைக்குப் போயிற்று. சும்மா கிடந்த நிலத்தையோ சில ஆண்டுகளிலேயே வெட்டிக் கரிமூட்டம் போடக்கூடிய சீமைக்கருவேல் எடுத்துக்கொண்டது.

இதை வேறு வகையில் யோசித்தவர் ஜே.சி. குமரப்பா. நன்செயில் கரும்பு போடுவதற்குப் பதிலாக, உழவுக்கு உதவாத நிலத்துப் பனையிலிருந்து வெல்லம் எடுத்தால் நல்ல நிலம் உணவுப் பயிருக்கு மிஞ்சும் என்பது அவர் வாதம். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் குறித்த அவருடைய நூல் 1945இல் வெளிவந்தது. இறுதி ஆண்டுகளில் அவர் தங்கியிருந்தது விருதுநகருக்கு அருகில் உள்ள தே. கல்லுப்பட்டியில் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

1978இல் பனை தமிழகத்தின் மாநில மரமாயிற்று. அதே ஆண்டில் இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அங்கே கள்ளும் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு வருவாய். இங்கே 1987 முதல் கள் இறக்கத் தடை நீடிக்கிறது. ஆகவே சுண்ணாம்பு தடவிய கலயத்துப் பதநீரை மட்டும் நம்பியே பனையேறி பிழைக்க வேண்டியிருக்கிறது. 2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 இலட்சம் பனை விதைகளை வழங்குவதாக அறிவித்தது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்றும் கூறியது. இரண்டும் வரவேற்கத்தக்கவையே.

ஆனால் மேற்சொன்ன கணக்கு சரியென்றால், விதைப்பது எக்காலத்திலும் நமக்குச் சிக்கலாக இருந்ததில்லை. அன்று ஊன்றிய விதை ஏறத்தாழ 2036இல் பாளை விடலாம். அப்போது அதில் ஏறுபவருக்கு என்ன கூலி, விழுந்தால் என்ன காப்பு, ஊரில் என்ன மதிப்பு என்பவற்றை இப்போதே பேசித் தீர்க்காவிட்டால், வைத்தவன் மட்டுமல்ல, ஊரே அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கருப்பட்டி மிட்டாய்க்கு நாம் கொடுக்கும் விலையில் ஏறியவரின் பங்கு எவ்வளவு என்று, அடுத்த முறை இருக்கன்குடியில் பொட்டலம் வாங்கும்போதாவது கேட்டுப் பார்ப்போம்.